சனிக்கிழமைப் பின்னேரம்: டிராகன் வேட்டையா, பழைய கார்ட்டூனா?

கிழமைக்கு ஒருக்கால் ஐந்தாறு பேர் கூடுகிற பழக்கம் இருந்தால், கரம் அடித்து, கிரிக்கெட் பார்த்து, யார் கனடா போனார் யார் கலியாணம் கட்டினார் என்றெல்லாம் கதைத்து முடித்த பிறகு "வேற என்ன செய்யலாம்" என்ற கேள்வி வந்தே தீரும். கிளிநொச்சியில் எங்கள் கூட்டத்தில் அதற்கு இரண்டு பதில்கள் வந்தன. ஒன்று, டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் மாதிரி, மேசையைச் சுற்றி இருந்து ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து மாதக்கணக்கில் ஒரே கதையை விளையாடுகிற கம்பெயின். மற்றது, சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன்களை முதல் பாகத்திலிருந்து திரும்பப் பார்ப்பது. இரண்டையும் செய்து பார்த்தாயிற்று. என் வாக்கு கம்பெயினுக்குத்தான், ஆனால் அது குட்டையாக இருக்க வேண்டும், நடத்துவதற்கு ஒருவர் உண்மையிலேயே ஆசைப்பட்டு முன்வரவும் வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் பேசாமல் கார்ட்டூனைப் போடுங்கள்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வெளியிட்டது டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ். ஒருவர் டீஎம், அதாவது கதையை நடத்துபவர். "காட்டுக்குள் ஒரு பாழடைந்த மண்டபம், உள்ளே வெளிச்சம் தெரிகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்பார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்லுவார்கள். பலிக்குமா பலிக்காதா என்று சந்தேகமான இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணையும் கூட்டி, டீஎம் வைத்த இலக்கைத் தொட்டால் வெற்றி. சுகமான வேலைக்கு இலக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கஷ்டமானதுக்கு 20. முல்லைத்தீவில் கோவலன் கூத்துப் பார்த்தவர்களுக்கு இன்னும் லேசாகச் சொல்லலாம்: அண்ணாவியார் இருக்கிறார், ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், கொப்பியில் பாட்டும் வசனமும் எழுதி வைக்கப்படவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

கார்ட்டூன் பக்கத்தை முதலில் பார்ப்போம், ஏனென்றால் எல்லாருக்கும் முதலில் வருகிற ஆசை அதுதான். சோம்பேறித்தனமான ஆசை என்றும் சொல்லலாம், சனிக்கிழமைக்கு அது ஒரு குறையல்ல.

ஆனால் "எங்கட சின்ன வயசுக் கார்ட்டூன்" என்று ஒருவர் சொல்லும்போது அது யாருடைய சின்ன வயது? 1990இல் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு வன்னியின் பெரும்பகுதியில் கரண்ட் இல்லை. எண்பதுகளின் கடைசியில் புதுக்குடியிருப்புப் பக்கம் பிறந்த ஒருவருக்குத் தொலைக்காட்சி என்றால் ஜெனரேற்றர் பிடித்து, டெக் வாடகைக்கு எடுத்து, ஊரே முற்றத்தில் கூடிப் பார்க்கிற படம். அதில் கார்ட்டூனுக்கு எங்கே இடம்? வவுனியா டவுனில் வளர்ந்தவருக்கு ரூபவாஹினி கிடைத்தது, டைட்டஸ் தொட்டவத்த சிங்களக் குரல் கொடுத்து எடுத்த கார்ட்டூன்களை மொழி விளங்காமலே சிரித்துப் பார்த்தவர்கள் அவர்கள். 2002இல் ஏ9 பாதை திறந்ததும் வீசீடி வந்தது, 2006 ஓகஸ்ட்டில் பாதை பூட்டியதும் அந்தக் காலமும் முடிந்தது. இந்தியாவில் சுட்டி டீவி தொடங்கியது 2007இல். வன்னிப் பிள்ளைகளில் கனபேருக்கு அது வீட்டுக்கு வந்தது மீள்குடியேறி, கூரை போட்டு, கரண்ட் எடுத்து, டிஷ் பூட்டிய பிறகுதான்.

ஆகவே ஆறு பேர் கொண்ட கூட்டத்தில் இருபத்திரண்டு வயதுக்காரருக்கு ஜாக்கி சான் கார்ட்டூன் நினைவு, முப்பத்தைந்து வயதுக்காரருக்கு அது புதுச் சாமான். இது கெட்ட விஷயம் என்று சொல்லவில்லை. ஒருவர் முதல்முறை பார்க்க, பக்கத்தில் இருப்பவர் அடுத்து என்ன வரும் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருக்கப் படுகிற பாடு கார்ட்டூனை விடப் பெரிய பகிடி. ஆனால் இளையவர்கள் "ஐயோ இது வந்த வருஷம் நான் மூன்றாம் வகுப்பு" என்று தொடங்கினால், மூத்தவர்கள் அந்த வருஷம் தாங்கள் எங்கே இருந்தார்கள் என்று மனதுக்குள் கணக்குப் போடுவார்கள். அந்தக் கதை வரும்போது வரட்டும், நீங்களாக வலிந்து இழுக்காமல் இருந்தால் போதும். கம்பெயினில் இந்த ஏற்றத்தாழ்வு இல்லை. அந்த உலகத்துக்குள் எல்லாருமே ஒரே நாளில்தான் காலடி வைக்கிறார்கள். எனக்கு இதுதான் தராசை அந்தப் பக்கம் சாய்த்த முதல் காரணம்.

சரி, கார்ட்டூனுக்கு என்ன நன்மை? யாரும் எதையும் தயார் செய்ய வேண்டாம். ஒரு பாகம் இருபத்திரண்டு நிமிடமளவில் முடிந்துவிடும், நடுவில் வந்தவரும் இருந்து பார்க்கலாம், போனவரும் ஒன்றையும் இழக்கவில்லை. அம்மம்மாவும் பார்க்கலாம், பக்கத்து வீட்டுச் சின்னனும் பார்க்கலாம். டாம் அன்ட் ஜெரியை எடுங்கள்: ஹன்னாவும் பார்பெராவும் 1940 தொடக்கம் 1958 வரை எடுத்த 114 படங்களில் ஏழுக்கு ஒஸ்கார் கிடைத்தது, பேச்சே கிட்டத்தட்ட இல்லாததால் எந்த மொழிப் பிரச்சினையும் இல்லை. குண்டு வெடித்து முகம் கருகுகிற காட்சிகளுக்கு எங்கள் வீட்டுப் பெரிய ஆட்கள் சிரிப்பதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். பிள்ளைகள் உருண்டு சிரிக்கின்றன.

முப்பது வயதில் திரும்பப் பார்க்கும்போது சில கார்ட்டூன்கள் வளர்ந்திருக்கும், சில சுருங்கியிருக்கும். அவதார் (தி லாஸ்ட் ஏர்பென்டர் என்ற தொடர்) வளர்ந்தது. 2005இலிருந்து 2008 வரை வந்த 61 பாகங்கள், ஒரு நாடு மற்ற நாடுகளைப் பிடிக்க நூறு வருஷம் நடத்துகிற சண்டை, அகதிகள் நிறைந்த நகரம், அந்த நகரத்துக்குள் "சண்டை என்று ஒன்றும் இல்லை" என்று சாதிக்கிற நிர்வாகம். பத்து வயதில் பார்த்தால் தண்ணீரை வளைப்பதும் நெருப்பை வீசுவதும்தான் கண்ணில் படும். இப்போது பார்த்தால் சில பாகங்களுக்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் கதைப்பதில்லை. மறுபக்கம், விளையாட்டுச் சாமான் விற்பதற்காகவே எடுத்த தொடர்கள் நிறைய இருக்கின்றன. அவற்றின் தொடக்கப் பாட்டு மட்டும் நன்றாக இருக்கும். பாட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு நடைமுறைச் சிக்கல், இதைத் தொடங்குவதற்கு முதலே பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் தேடுவது தமிழ்க் குரலில் வந்த கார்ட்டூனை. ஆங்கிலத்தில் அதே பாகத்தைப் போட்டால் வேறு யாரோ பார்த்த கார்ட்டூன் மாதிரி இருக்கும், ஜாக்கியின் மாமா தமிழில் கத்தாவிட்டால் அவர் மாமாவே இல்லை. ஆனால் யூடியூபில் கிடைக்கிற தமிழ்ப் பாகங்கள் பல தனியாட்கள் ஏற்றியவை: வரிசை மாறி இருக்கும், இடம் வலமாகப் படம் திருப்பப்பட்டிருக்கும், இன்றைக்கு இருந்தது அடுத்த கிழமை இராது. முழுத் தொடரையும் ஒழுங்காகப் பார்ப்போம் என்று கூட்டத்துக்கு வாக்குக் கொடுக்கிறவர் முதலில் எது எது கிடைக்கிறது என்று எழுதி எடுத்துக்கொள்வது நல்லது. டேட்டாவும் ஒரு கணக்கு. ஜாக்கி சான் சாகசம் மொத்தம் 95 பாகங்கள், கிட்டத்தட்ட 35 மணித்தியாலம். நடுத்தரத் தெளிவில் மணித்தியாலத்துக்கு முக்கால் ஜீபி என்று வைத்தால் 26 ஜீபி வரும். ஒருவருடைய ஃபோனில் ஹொட்ஸ்பொட் போட்டுப் பார்ப்பதென்றால் அந்த ஒருவருக்கு மற்றவர்கள் ரோல்ஸாவது வாங்கிக் கொடுக்க வேண்டும்.

அந்த 35 மணித்தியாலத்துக்குள் ஒரு கம்பெயினே முடிந்துவிடும். ஒரு தடவை இருந்தால் மூன்று நான்கு மணித்தியாலம், பத்துத் தடவைக்குள் ஒரு நல்ல கதையைத் தொடங்கி முடிக்கலாம். பார்வையாளர் நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான். வித்தியாசம், கம்பெயினில் ஒருவர் மட்டும் அதற்கு மேலே ஒவ்வொரு கிழமையும் ஒன்றிரண்டு மணித்தியாலம் தனியே இருந்து அடுத்த கட்டத்தை யோசிக்க வேண்டும். அவர் வேலை முடிந்து களைத்து வந்து, பாத்திரங்களுக்குப் பெயர் வைத்து, வரைபடம் கீறி, வில்லனுக்கு ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டு வர, விளையாடுகிறவர்கள் அந்த வில்லனைச் சந்திக்காமலே வேறு பாதையால் போய்விடுவார்கள். இதை ரசிக்கத் தெரிந்தவர்தான் டீஎம் ஆகலாம். "யாராவது ஒராள் நடத்தத்தானே வேணும்" என்று தலையில் கட்டப்பட்டவர் மூன்றாம் கிழமையே காய்ச்சல் என்று சொல்லுவார்.

காசு பெரிய தடை இல்லை. புதிய விளையாட்டாளர் கைநூல் கிட்டத்தட்ட 50 டொலர், டொலருக்கு 300 ரூபாய் என்று பார்த்தால் 15,000. அதை வாங்கத் தேவையே இல்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், இலவசமாக இறக்கலாம், தமிழில் மாற்றி எழுதலாம், போட்டோகொப்பி அடித்துப் பகிரலாம். அப்புறம் பகடை. இருபது முகப் பகடையைக் கிளிநொச்சிக் கடைகளில் தேடி அலையாதீர்கள், ஃபோனில் உருட்டுகிற இலவச ஆப் இருக்கிறது, அல்லது 1 தொடக்கம் 20 வரை துண்டுக் கடதாசியில் எழுதி ஒரு பேணிக்குள் போட்டுக் குலுக்கி எடுக்கலாம். எடுத்த துண்டைத் திரும்பப் போட மறக்கக்கூடாது, அவ்வளவுதான்.

தாயம் விளையாட வைத்திருக்கிற சோகியைப் போட்டால் என்ன என்று எங்களில் ஒருவர் கேட்டார். நல்ல யோசனை, ஆனால் கணக்கு வேறு. இருபது முகப் பகடையில் எந்த எண்ணுக்கும் நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு, அதனால்தான் அதில் அடிக்கடி அதிசயமும் அவமானமும் நடக்கும். ஆறு சோகி குலுக்கினால், நிமிர்வதும் கவிழ்வதும் சரிபாதி என்று வைத்துக்கொண்டாலும், மூன்று நிமிர்வதற்கு நூற்றுக்கு முப்பத்தொன்று, ஆறும் நிமிர்வதற்கு ஒன்றரை மட்டும்தான். எல்லாம் நடுவில் வந்து குவியும். ஆகவே விதியை அப்படியே வைத்துக்கொண்டு பகடையை மட்டும் மாற்ற முடியாது. சாதாரணப் பகடைதான் கையில் இருக்கிறது என்றால் டன்ஜன் வேர்ல்ட் மாதிரி இரண்டு ஆறுமுகப் பகடையில் ஓடுகிற விளையாட்டை எடுங்கள்: கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் நினைத்தது நடக்கும், 7 தொடக்கம் 9 என்றால் நடக்கும் ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும், அதற்குக் கீழே என்றால் டீஎம் சிரிப்பார். புதியவர்களுக்கு என் தெரிவு இதுதான். விதி ஒரு மணித்தியாலத்தில் பிடிபடும், அந்த நடுப் பகுதிதான் கதையை இழுத்துக்கொண்டு போகும்.

இப்போது கம்பெயினை உண்மையில் கொல்லுகிற விஷயத்துக்கு வருவோம். அது வருகை. காலபோகத்தில் ஐப்பசி மழையோடு வயல் வேலை, தை மாசியில் வெட்டு, சிறுபோகத்துக்கு இரணைமடுவில் தண்ணீர் திறந்தால் திரும்ப வயல், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், இதற்குள் ஒருவருக்குக் கொழும்பில் நேர்முகப் பரீட்சை, இன்னொருவருக்கு மாற்றலாகி மன்னார். ஒரு வருஷக் கம்பெயின் என்று திட்டம் போட்டு வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஆறு தடவை, கூடினால் எட்டு. வெட்டு முடிந்த பிறகு தொடங்கி அடுத்த மழைக்கு முதல் முடித்துவிட வேண்டும். மூன்று பேர் வந்தாலே விளையாட்டு நடக்கும் என்று முதல் நாளே பேசிவையுங்கள், வராதவரின் பாத்திரம் முகாமில் சமைத்துக்கொண்டிருக்கட்டும். நேரம் பின்னேரம் மூன்று மணி. இரவில் வைத்தால் ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் யானை நிற்கிற பாதையால் திரும்பிப் போக வேண்டும், பெண் பிள்ளைகளை வீட்டில் விடவும் மாட்டார்கள். கார்ட்டூனுக்கு இந்த ஒரு கவலையும் இல்லை, மழை நாளில் அவரவர் வீட்டில் இருந்துகூட ஒரே நேரத்தில் பார்க்கலாம், கரண்ட் இருந்தால். கரண்ட் இல்லாத இரவு மெழுகுதிரியில் விளையாடலாம் என்பது கம்பெயினின் பக்கம் ஒரு சின்னப் புள்ளி.

இதை விட முக்கியமான ஒன்று, புத்தகத்தில் வருகிற தொடக்கக் கதைகளைப் பற்றியது. ஆங்கிலத்தில் கிடைக்கிற ஆயத்தக் கதைகளில் பலவற்றுக்கு ஒரே தொடக்கம்தான்: அரக்கர்கள் கிராமத்தைத் தாக்குகிறார்கள், வீடுகள் எரிகின்றன, சனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடுகிறார்கள், உங்கள் வீரர்கள் கிளம்புகிறார்கள். வேறு நாட்டில் இது விளையாட்டு. இங்கே மேசையில் இருக்கிற ஒருவருக்கு அது அப்படி இருக்காது, யாருக்கு என்பதும் வெளியில் தெரியாது. ஆகவே முதல் நாளே எது கதைக்குள் வரக்கூடாது என்று எல்லாருமாக முடிவு செய்யுங்கள். காணாமல் போன ஆள், பங்கர், ஷெல், பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போவது, முள்ளுக்கம்பி முகாம் என்று எங்கள் பட்டியல் நீண்டது. அதோடு ஜோன் ஸ்டாவ்ரோபூலோஸ் என்பவர் கொண்டுவந்த எக்ஸ் கார்ட் முறையும் இருக்கிறது: ஒரு அட்டையில் பெருக்கல் குறி போட்டு மேசை நடுவில் வைப்பது, யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவது, ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அதன் பலமே. கார்ட்டூனில் இப்படி ஒரு அட்டை கிடையாது, எழும்பி தேத்தண்ணி ஊற்றப் போக வேண்டியதுதான்.

தொடக்கத்தை வேறு விதமாக வைத்தால் வன்னியைப் போல டீஎம்முக்கு வாய்த்த இடம் குறைவு. மதுக்கடையில் முக்காடு போட்ட கிழவன் வேலை கொடுக்கிறான் என்பதை விட, குளத்தின் துருசு ஒரு இரவில் தானாகத் திறந்துவிட்டது, தண்ணீர் முழுக்கப் போக முதல் ஏன் என்று கண்டுபிடியுங்கள் என்பது எவ்வளவு நல்லது! பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற காடு, உள்ளே தேன் எடுக்கப் போனவர் சொல்லுகிற கதை, புளிய மரத்து முனி, கொத்திப் பேய், கரடி. எல்லாருக்கும் தெரிந்த நிலம் என்பதால் டீஎம் விவரித்துக் களைக்க வேண்டாம், "அலைகரையால் நடக்கிறீர்கள்" என்றால் படம் வந்துவிடும். வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனை வைத்து விளையாடலாமா என்று கேட்பார்கள். 1803 ஒக்டோபர் 31இல் அவர் தோற்கடிக்கப்பட்டதாகக் கற்சிலைமடுவில் கல்லே நட்டு வைத்திருக்கிறார்கள், முடிவு தெரிந்த கதையில் பகடைக்கு வேலை இல்லை. அவருடைய படையில் பெயர் தெரியாத நான்கு பேர் என்று வைத்தால் நடக்கும். சாமிகளை மட்டும் விளையாட்டுக்குள் இழுக்காதீர்கள். கண்ணகி அம்மனுக்கு எத்தனை உயிர்ப் புள்ளி என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டு அம்மா தேத்தண்ணியோடு வந்தால் கம்பெயின் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

இரண்டையும் கலக்கலாமா என்றால், கலக்கலாம், ஆனால் ஒரே நாளில் அல்ல. கார்ட்டூனை டீஎம்மின் பாடப்புத்தகமாகப் பாருங்கள். ஜாக்கி சான் முதல் பருவம் 13 பாகங்கள், தேடுவது 12 தாயத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்தி, எதிராளியும் அதையே தேடுகிறான். ஒரு கம்பெயினின் எலும்புக்கூடு இதைவிடத் துப்புரவாக எங்கும் கிடைக்காது. எதிரியின் தடியனாக வந்த டோரு பிறகு மாமாவின் சீடனாகிறான் பாருங்கள், உங்கள் மேசையிலும் விளையாடுகிறவர்களுக்குப் பிடித்துப்போன அடியாளை அவசரப்பட்டுக் கொல்லக்கூடாது என்பதற்கு அது போதும். இன்னொரு ஆசை இருக்கிறது. டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் பெயரிலேயே 1983 தொடக்கம் 1985 வரை ஒரு கார்ட்டூன் வந்தது, 27 பாகங்கள். கேளிக்கைப் பூங்காவில் வண்டி ஏறிய ஆறு பிள்ளைகள் வேறு உலகத்தில் விழுந்து வீட்டுக்குப் போக வழி தேடுவதுதான் கதை. மைக்கேல் ரீவ்ஸ் கடைசிப் பாகத்தை எழுதியும் அது எடுக்கப்படவில்லை, பிள்ளைகள் திரையில் வீடு போய்ச் சேரவே இல்லை. நாலைந்து பாகம் பார்த்துவிட்டு அந்த எடுக்கப்படாத முடிவை உங்கள் மேசையில் விளையாடிப் பாருங்கள், ஒரே பின்னேரத்தில் முடியும்.

வெளிநாட்டுச் சொந்தங்களைச் சேர்ப்பதென்றால் சந்தேகமே இல்லை, கம்பெயின். இங்கே இரவு ஏழு மணி என்றால் கோடையில் லண்டனில் பின்னேரம் இரண்டரை, டொரோண்டோவில் காலை ஒன்பதரை; குரல் அழைப்பு மட்டும் போதும் என்பதால் டேட்டாவும் கொஞ்சம்தான் போகும். அவர்கள் வளர்ந்த கார்ட்டூன் வேறு, எங்களுடையது வேறு, சேர்ந்து பார்க்க உட்கார்ந்தால் அரை மணித்தியாலம் எதைப் பார்ப்பது என்பதிலேயே போய்விடும். சின்னப் பிள்ளைகள் வீடு நிறைய இருக்கிற விடுமுறைக் காலத்தில் கார்ட்டூன். ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கிற மாதத்திலும் அதுவே. நான்கு பேர் ஒழுங்காக வருவார்கள், அதில் ஒருவருக்குக் கதை சொல்லுகிற விசர் இருக்கிறது என்றால் ஒரு நாள் கூடத் தள்ளிப்போடாதீர்கள். முதல் தடவை பாத்திரங்களை டீஎம்மே எழுதிக்கொண்டு வரட்டும், துருசு திறந்த கதையை மூன்று மணித்தியாலத்தில் முடியுங்கள். அடுத்த கிழமை எத்தனை மணிக்கு என்று அவர்களாகவே கேட்டால் தொடருங்கள். நீங்கள்தான் ஒவ்வொருவருக்கும் ஃபோன் எடுத்துக் கெஞ்ச வேண்டியிருந்தால் வெட்டு முடியும் வரைக்கும் ஜாக்கி சானைப் போட்டுவிடுங்கள்.